கல் எங்கே?

1722. லண்டன்.

அந்த ஊர் வீடுகளில் குளிர் காய்வதும் சமைப்பதும் பெரும்பாலும் நிலக்கரியில்தான். புகைபோக்கிக்குள் கரி அடை அடையாகப் படிந்துவிடும். சுரண்டி எடுக்காவிட்டால் வீடே தீப்பிடித்துக்கொள்ளும். ஆனால், அந்தக் குறுகிய குழாய்க்குள் வளர்ந்த ஆள் எப்படி நுழைவான்? அதனால் சின்னச் சின்னப் பையன்களை உள்ளே ஏற்றிவிடுவார்கள். முழங்கையும் முழங்காலும் தேய்ந்து ரத்தம் கசிய, இருட்டில் ஏறி, கரியைச் சுரண்டிக்கொண்டு இறங்க வேண்டும். லண்டனின் அடிமட்டத்துக்கும் அடிமட்டம் அந்தப் பையன்கள்.

அப்படிப்பட்ட ஒரு பையன் கையில் ஒரு நகை கிடைத்தது. நடுவில் கல் பதித்த நகை. கண்டெடுத்தது. இது என்ன, என்ன விலை பெறும் என்று அவனுக்குத் தெரியாது. என்ன செய்வான்? நீங்களும் நானும் செய்வதைத்தான் செய்தான். நேராக ஒரு பொற்கொல்லர் கடைக்குப் போனான்.

சாதாரணக் கடை இல்லை. கடைக்காரர் பெயர் பால் டி லமேரி. பிரான்ஸிலிருந்து மதத் தொல்லை தாங்காமல் ஓடிவந்த ப்ராட்டஸ்டன்ட் குடும்பம். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தலைசிறந்த வெள்ளி வேலைக்காரர்களில் ஒருவர். அவர் செய்த தட்டுகளும் கிண்ணங்களும் இன்றைக்கும் பெரிய பெரிய மியூசியங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன.

கடையில் இருந்த தொழில் பழகும் ஆள் நகையை வாங்கினான். எடை போட்டுப் பார்க்கிறேன் என்ற சாக்கில் கல்லைக் கழற்றிவிட்டான்! பிறகு உள்ளே இருந்த முதலாளியைக் கூப்பிட்டு, இது ஒன்றரைப் பென்னி பெறும் என்று சொன்னான். முதலாளி அந்தக் காசைப் பையனிடம் நீட்டினார்.

இங்கேதான் நம் ஹீரோ நிமிர்கிறான். 'காசு வேண்டாம். என் பொருளைத் திருப்பிக் கொடு' என்று நின்றுவிட்டான். தொழில் பழகுகிறவன் எடுத்துக் கொடுத்தான். எதை? வெறும் கூட்டை! கல் இருந்த இடத்தில் ஓட்டை.

கரி பூசிய முகம், கையில் ஓட்டைக் கூடு, எதிரே லண்டனின் பிரபல நகைக்காரர். இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வழக்கு மன்னரின் பெஞ்ச் என்ற பெரிய கோர்ட்டுக்குப் போனது. தலைமை நீதிபதி சர் ஜான் ப்ராட். சட்ட அறிக்கையில் கடைக்காரர் பெயரைக்கூட சரியாக எழுதாமல் 'டெலமிரி' என்று பதிந்துவிட்டார்கள். பையன் பெயர் ஆர்மரி. 'ஆர்மரி எதிர் டெலமிரி' என்றால் இன்றைக்கு உலகத்தில் ஆங்கிலேயச் சட்டம் புழங்கும் எந்த நாட்டு லா காலேஜ் மாணவனும் கதையை ஒப்பிப்பான்.

முதல் கேள்வி: அந்த நகை பையனுடையதே இல்லையே, கண்டெடுத்தது தானே? அப்புறம் எப்படிக் கேஸ் போடலாம்? கோர்ட் சொன்னது: உண்மையான சொந்தக்காரர் வந்து கேட்டால் பையன் கொடுத்துத்தான் ஆகவேண்டும். ஆனால், மற்ற எல்லாரையும்விட பையனுக்குத்தான் அதன் மேல் உரிமை அதிகம். கடைக்காரருக்கு அந்த அளவு உரிமைகூடக் கிடையாது.

இரண்டாவது: கல்லைக் கழற்றியது வேலை பழகும் ஆள்தானே? 'நான் அவன் இல்லை' என்று முதலாளி கழன்றுகொள்ள முடியுமா? முடியாது. கடையில் வேலையாள் செய்ததற்கு முதலாளிதான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. கல் இல்லை. அது வைரமா, கண்ணாடியா, என்ன தரம், என்ன விலை? யாருக்குத் தெரியும்? கடைக்காரருக்குத் தெரியும். அவர் காட்டமாட்டார். பையனால் நிரூபிக்க முடியாது. சாதாரணமாக என்ன ஆகும்? 'நிரூபிக்கவில்லை, போ' என்று அனுப்பிவிடுவார்கள். நீதிபதி ப்ராட் வேறு மாதிரி செய்தார். அதே நகைத் தொழிலில் இருந்தவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். இந்தக் கூட்டுக்குள் பொருந்தக்கூடிய மிக உயர்ந்த தரக் கல் என்ன விலை பெறும் என்று கேட்டார்கள். பிறகு நீதிபதி ஜூரிகளிடம் சொன்னதன் சாரம் இது: கடைக்காரர் கல்லைக் கொண்டுவந்து காட்டி, இது மட்டமான கல் என்று நிரூபிக்கட்டும். காட்டவில்லையா? அது இருப்பதிலேயே உசத்தியான கல் என்று வைத்துக்கொண்டு நஷ்ட ஈட்டைக் கணக்குப் போடுங்கள்.

எப்பேர்ப்பட்ட அடி! மறைத்தவன் தலையிலேயே சந்தேகத்தின் பாரத்தை ஏற்றிவிட்டார்.

'சரி சார், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய லண்டன் பையன் கதை எனக்கு எதற்கு?' என்கிறீர்களா? உங்கள் கல்யாணப் பட்டுப்புடவை டிரை கிளீனிங் கடையில் காணாமல் போயிருக்கலாம். ரிப்பேருக்குக் கொடுத்த செல்போனை 'நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க' என்று மூன்று மாதம் இழுத்துக்கொண்டிருக்கலாம். ஒர்க்‌ஷாப்பில் விட்ட வண்டி, பழைய வளையலைப் புதுசாக்கக் கொடுத்த கடை, வீடு மாற்றும்போது சாமான் ஏற்றிக்கொண்டு போன லாரி... எதுவாக இருந்தாலும், நம் எல்லோர் கையிலும் இருப்பது அந்தப் பையன் கையில் இருந்த ஓட்டைக் கூடுதான். அதற்கு இப்போது ரசீது என்று பெயர்.

பொருளைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் தவிப்பது மனித நாகரிகத்துக்கே மூத்த பிரச்னை. பாபிலோனில் ஹமுராபி கல்லில் செதுக்கி வைத்த சட்டத்திலேயே இது இருக்கிறது. சுமார் 3,750 வருஷத்துக்கு முன்னால். ஒருவன் தன் தானியத்தை இன்னொருவன் வீட்டில் சேமித்து வைக்கிறான். வீட்டுக்காரன் எடுத்துத் தின்றுவிட்டான், அல்லது 'என்னிடம் நீ கொடுக்கவே இல்லையே' என்கிறான். கொடுத்தவன் கடவுள் முன்னால் சத்தியம் செய்து தன் தானியத்தின் அளவைச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரன் இரண்டு மடங்காகக் கொடுக்க வேண்டும். சேமித்து வைக்க என்ன கூலி வாங்கலாம் என்பதுகூட அந்தக் கல்லில் உண்டு!

அதே சட்டத்தில் இன்னொரு இடம் கொஞ்சம் கசப்பானது. பொன், வெள்ளியை ஒருவரிடம் வைக்கும்போது சாட்சிகள் வேண்டும், எழுத்து ஒப்பந்தம் வேண்டும். இரண்டும் இல்லாமல் கொடுத்துவிட்டு, வாங்கினவன் மறுத்தால்? வழக்கே இல்லை, போய் வா. பாபிலோன்காரன் களிமண் பலகையில் எழுதி வாங்கினான். நாம் தெரிந்த கடைதானே என்று ரசீதே வாங்காமல் வந்துவிடுகிறோம்.

நம் ஊர்ச் சங்கதி இன்னும் சுவாரஸ்யம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் சலவைத் தொழிலாளிகளுக்கென்றே விதிகள் இருக்கின்றன. மரப்பலகையிலோ வழுவழுப்பான கல்லிலோதான் துவைக்க வேண்டும். வேறு இடத்தில் துவைத்துத் துணி கிழிந்தால் நஷ்டத்தையும் கொடுத்து, 6 பணம் அபராதமும் கட்ட வேண்டும். சலவைக்காரரின் சொந்தத் துணியில் தடி போன்ற முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லாத துணியை அவர் உடுத்தியிருந்தால் அது வாடிக்கையாளர் துணி என்று அர்த்தம். 3 பணம் அபராதம்! வாடிக்கையாளர் துணியை விற்றாலோ, வாடகைக்கு விட்டாலோ, அடகு வைத்தாலோ 12 பணம். துணியை மாற்றிக் கொடுத்தால் அதன் விலையைப் போல இரு மடங்கு அபராதம், அசல் துணியையும் திருப்பித் தர வேண்டும்.

கெடுவும் வைத்திருந்தார் மனிதர். வெறுமனே வெளுக்கும் துணி, வெளுப்பைப் பொறுத்து ஒன்று முதல் நான்கு ராத்திரி. மெல்லிய சாயத் துணி ஐந்து ராத்திரி. நீலத்துக்கு ஆறு. ரொம்பப் பாடுபட வேண்டிய உசத்தித் துணிக்கு ஏழு. அதைத் தாண்டினால் கூலி போச்சு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய 'டெலிவரி டேட்' இது. துணியை அடகு வைக்காதே, வாடகைக்கு விடாதே என்று விதி எழுதுகிறார்கள் என்றால், யாரோ அதைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

மறுபடி இங்கிலாந்துக்குப் போவோம். ஏனென்றால் நம் சட்டம் அங்கிருந்துதான் கப்பலேறி வந்தது.

இடைக்கால இங்கிலாந்தில் உங்கள் பொருளை ஒருவன் திருப்பித் தரவில்லை என்றால் 'டெட்டின்யூ' என்று ஒரு வழக்குப் போடலாம். பிடித்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அதில் ஒரு பெரிய ஓட்டை. பிரதிவாதி, 'நான் அவன் பொருளை வைத்திருக்கவில்லை' என்று சத்தியம் செய்வான். கூடவே பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு வருவான். அவர்கள் என்ன நடந்தது என்று எதுவும் சொல்லவேண்டியதில்லை. 'இவர் சொல்வதை நாங்கள் நம்புகிறோம்' என்று சத்தியம் செய்தால் போதும். கேஸ் க்ளோஸ்! வாதி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஒவ்வொருவரையும் ஊரே அறிந்திருந்த கிராமத்தில், பொய்ச் சத்தியத்துக்கு நரகம் நிச்சயம் என்று நடுங்கிய காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். லட்சக்கணக்கில் ஜனம் பெருத்த லண்டனில்? பதினோரு பேர் கிடைக்கமாட்டார்களா என்ன?

போதாததற்கு இன்னொரு கோளாறு. பொருளை உடைத்துக் கிழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டால் டெட்டின்யூ வேலை செய்யாது. 'கொடுத்துவிட்டேனே' என்பான்.

வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? சட்டத்தை மாற்ற நாடாளுமன்றத்துக்குக் காத்திருக்காமல் ஒரு கதை கட்டினார்கள். 'எதேச்சையாக என் பொருளைத் தொலைத்துவிட்டேன். இவர் அதைக் கண்டெடுத்தார். தனக்கென்று பயன்படுத்திக்கொண்டார்.' இப்படி எழுதி வழக்குப் போட்டால் அது டெட்டின்யூ இல்லை, வேறு வகை. அதில் பதினோரு பேர் சத்தியம் செல்லாது. ஜூரி முன்னால் விசாரணை. நீங்கள் கடையில் பத்திரமாகக் கொடுத்த பொருளாக இருக்கும். ஆனாலும் மனுவில் 'தொலைத்தேன், கண்டெடுத்தார்' என்றே எழுதுவார்கள். 'தொலைக்கவே இல்லையே' என்று எதிராளி மறுக்கக் கூடாது. மறுக்க அனுமதியே இல்லை! இதற்கு 'ட்ரோவர்' என்று பெயர். கண்டெடுத்தல் என்பதற்கான பழைய ஃப்ரெஞ்சு வார்த்தை.

நம் புகைபோக்கிப் பையன் போட்டதும் ட்ரோவர் வழக்குதான். வேடிக்கையைப் பாருங்கள். எல்லோரும் பொய்யாகத் தொலைத்து, பொய்யாகக் கண்டெடுத்துக்கொண்டிருந்த கோர்ட்டில், நிஜமாகவே ஒரு பொருளைக் கண்டெடுத்தவன் வந்து நின்றான். அவன் வாதி!

இந்தப் பொய்யைச் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்க 1852 வரை ஆனது. பதினோரு பேர் சத்தியம் 1833-ல் ஒழிந்தது. டெட்டின்யூவுக்கு இங்கிலாந்தில் சமாதி கட்டியது 1977-ல்.

ட்ரோவர் வழக்கில் ஒரு முக்கியமான நுணுக்கம் உண்டு. கடைக்காரர் உங்கள் பொருளைத் தனதாக்கிக்கொண்டார் என்று எப்படிக் காட்டுவது? அவர் மனசுக்குள் புகுந்து பார்க்க முடியுமா? அதற்கு எளிய வழி: கேள். அவர் மறுக்கட்டும். கேட்டும் கொடுக்காததே சாட்சி. பையன் செய்ததும் அதுதானே? 'காசு வேண்டாம், பொருளைக் கொடு' என்று நின்றானே, அந்த ஒரு வாக்கியம்தான் கேஸின் அஸ்திவாரம். ஒன்றரைப் பென்னியை வாங்கிப் பையில் போட்டிருந்தால் விற்றுவிட்டதாக ஆகியிருக்கும். இன்றைக்கு வக்கீல்கள் எடுத்த எடுப்பில் 'முதலில் நோட்டீஸ் விடுவோம்' என்கிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா இந்தக் கேள்வியும் மறுப்பும்தான்.

இதற்கு 19 வருஷம் முன்னால், 1703-ல், இன்னொரு வழக்கு. ஒருவர் ஒரு நிலவறையிலிருந்து இன்னொரு நிலவறைக்குப் பிராந்திப் பீப்பாய்களை மாற்றித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். கூலிகூட வாங்கவில்லை. கவனக்குறைவில் ஒரு பீப்பாய் உடைந்து பிராந்தி தரையோடு போனது. சும்மா உதவிக்கு வந்தவன் நஷ்டம் கொடுக்க வேண்டுமா? தலைமை நீதிபதி ஹோல்ட், கொடுக்கத்தான் வேண்டும் என்றார். கூடவே, ரோமானியச் சட்டத்திலிருந்து எடுத்து, ஒருவர் பொருள் இன்னொருவர் கைக்குப் போகும் விதங்களை ஆறு வகையாகப் பிரித்து வைத்தார். யாருடைய லாபத்துக்காகப் பொருள் கைமாறியது என்பதைப் பொறுத்து எவ்வளவு கவனம் காட்ட வேண்டும் என்று ஏணி மாதிரி படிகள். பி.காம்.மில் மெர்க்கன்டைல் லா படித்தவர்களுக்கு 'பெய்ல்மென்ட்' என்ற வார்த்தை ஞாபகம் இருக்கும். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி உருப்போட்ட அந்தப் பாடத்துக்குள் ஒரு பிராந்திப் பீப்பாய் இருப்பதை எந்த கைடும் எங்களுக்குச் சொல்லவில்லை!

1781-ல் ஒரு வக்கீல் இந்த விஷயத்தைப் பற்றியே ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அவர் பெயரைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். வில்லியம் ஜோன்ஸ். ஆமாம், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே வேரிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று சொன்ன அதே ஜோன்ஸ். 1783-ல் கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டுக்கு நீதிபதியாக வந்து, அடுத்த வருஷம் ஆசியாட்டிக் சொசைட்டியைத் தொடங்கியவர். சாகுந்தலத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அந்தக் கைதான், 'அடுத்தவன் பொருளைக் கையில் வைத்திருப்பவன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்' என்பதையும் எழுதியது. புலவர்கள் எல்லாம் வியாபாரம் தெரியாதவர்கள் என்று நினைக்கிறோம்.

1872-ல் இந்திய ஒப்பந்தச் சட்டம் வந்தது. இன்றும் அதுதான். 148-வது பிரிவிலிருந்து பெய்ல்மென்ட் ஆரம்பம். இங்கிலாந்து ஏணியின் படிகளையெல்லாம் தள்ளிவிட்டு ஒரே அளவுகோல் வைத்தார்கள். சாதாரண புத்தியுள்ள மனிதன் அதே அளவு, அதே தரம், அதே மதிப்புள்ள தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வானோ, அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது 151. வேலை முடிந்ததும், நீங்கள் கேட்காமலேயே திருப்பித் தர வேண்டும். இது 160. உரிய நேரத்தில் தன் தவறால் தராமல் வைத்திருந்தால், அந்த நிமிஷத்திலிருந்து பொருளுக்கு என்ன கேடு வந்தாலும் அவர் தலையில்தான். இது 161. 'நேற்று ராத்திரி கடையில் தண்ணி பூந்துடுச்சு சார்' என்று சொல்ல முடியாது. போன மாதமே கொடுத்திருக்க வேண்டிய பொருள் அது.

ஆனால், கடைக்காரருக்கும் சட்டம் ஒரு ஆயுதம் கொடுத்திருக்கிறது. 170. உங்கள் பொருளின் மேல் உழைப்பையோ திறமையையோ செலுத்தியிருந்தால், அந்தக் கூலி வரும் வரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. பட்டை தீட்டாத வைரத்தைக் கொடுக்கிறீர்கள். தீட்டி முடித்தாகிவிட்டது. கூலி கொடுக்கும் வரை கல் அவரிடம். அடுத்த உதாரணம்: டெய்லரிடம் கோட்டு தைக்கக் கொடுக்கிறீர்கள். தைத்த உடனே தருகிறேன், காசு மூன்று மாதம் கழித்துத் தந்தால் போதும் என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டு கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. ஆக, சண்டைக்குக் கிளம்பும் முன் நம் பக்கம் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பாக்கியோடு போனால் பாதிக் கேஸ் அங்கேயே காலி.

இனி நம் மெட்ராஸ். ஹைகோர்ட் தீர்ப்புகளில் இரண்டு வழக்குகளை மறக்கவே முடியாது.

முதலாவது, 1938-ல் சட்ட அறிக்கையில் வெளியானது. ஒரு பெண்மணி பழைய நகைகளை உருக்கிப் புதுசு செய்யப் பத்தரிடம் கொடுத்தார். கெட்டிக்காரப் பெண்மணி. ஒவ்வொரு நாள் சாயந்திரமும் போய், அரைகுறையாக முடிந்த நகைகளை வாங்கி, பத்தர் வீட்டு அறையிலேயே இருந்த ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன்னோடு எடுத்துப் போவார். ஒரு ராத்திரி நகை திருட்டுப் போனது. பத்தர்தானே பொறுப்பு? இல்லை என்றது கோர்ட்! தினமும் சாயந்திரம் நீங்கள் நகையைத் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள். பெட்டி அவர் வீட்டில் இருந்தால் என்ன, சாவி உங்களிடம் அல்லவா இருந்தது? அப்படியானால் ராத்திரியில் நகை பத்தரின் பொறுப்பில் இல்லை. தீர்ந்தது.

எனக்கு இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். அந்த அம்மாள் தன் ஜாக்கிரதையாலேயே தோற்றார். ஆனால், தர்க்கத்தில் ஓட்டை சொல்ல முடியவில்லை. சட்டத்துக்கு வேண்டியது, பொருள் கைமாறியதா என்பது. பொருளை முழுசாக ஒப்படைத்தால்தான் முழுப் பொறுப்பும் அங்கே போகும்.

இரண்டாவது வழக்கு 1966-ல் வெளியானது. 'லில்லி ஒயிட்' என்ற லாண்டரி. ஒரு வாடிக்கையாளர் புதுப் புடவையைச் சலவைக்குப் போட்டார். புடவை தொலைந்தது. லாண்டரிக்காரர் ரசீதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில், பொருள் தொலைந்தால் சந்தை விலையில் பாதிதான் தருவோம் என்று அச்சடித்திருந்தது. ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தானே?

ஹைகோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த நிபந்தனையை அப்படியே ஏற்றால் என்ன ஆகும் என்று யோசித்தது. நீங்களே யோசித்துப் பாருங்கள். நல்ல புதுப் புடவையாக வருகிறது. 'தொலைந்துவிட்டது' என்று சொல்லிப் பாதி விலையைக் கொடுத்துவிட்டு, புடவையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாம். லாண்டரி நடத்துவதைவிட நல்ல வியாபாரம்! நேர்மையின்மைக்குப் பரிசு கொடுக்கும் நிபந்தனை, பொதுநலனுக்கு விரோதமானது, அச்சடித்து வைத்தால் மட்டும் செல்லாது என்று கோர்ட் தள்ளிவிட்டது.

இவ்வளவு தெளிவாகத் தீர்ப்பு வந்து அரை நூற்றாண்டு தாண்டியும், ரசீதுகளின் முதுகில் பொடி எழுத்து இன்னும் அச்சாகிக்கொண்டுதான் இருக்கிறது. 'பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல', 'முப்பது நாட்களுக்குள் பெற்றுக்கொள்ளாவிட்டால்...' இத்யாதி. ஏன் என்றால், சட்டப்படி செல்கிறதோ இல்லையோ, படிக்கிற ஆளிடம் செல்லுகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியும்.

பெரிய இடத்துக்கும் இதே கதைதான். 1998 ஆகஸ்ட்டில் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலுக்கு ஒருவர் மாருதி ஜென் காரில் போனார். சாவியை ஹோட்டல் ஆளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். ராத்திரி ஒரு மணிக்குத் திரும்பினால் கார் இல்லை. வேறு காரில் வந்திருந்த இளைஞர்களில் ஒருவன் சாவியை எடுத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பார்க்கிங் சீட்டில் 'வண்டி உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சடித்திருந்தது. 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: சாவியைக் கையில் வாங்கிவிட்டால் கார் உங்கள் பொறுப்பு. நாங்கள் ஜாக்கிரதையாகத்தான் இருந்தோம் என்று காட்டவேண்டியது நீங்கள். சொந்தக் கவனக்குறைவைச் சீட்டில் அச்சடித்துத் துடைத்துவிட முடியாது. காருக்கும் கதைக்கும் இடையே 21 வருஷம் என்பதையும் கவனியுங்கள்.

ஜாக்கிரதையைக் காட்ட வேண்டியது பொருளை வைத்திருந்தவர்தான் என்பது ரொம்ப முக்கியம். கடைக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் காட்டவேண்டியது: நான் கொடுத்தேன், அவர் திருப்பித் தரவில்லை. மீதிக்கதையை அவர்தான் சொல்ல வேண்டும். நீதிபதி ப்ராட்டின் வாசனை இங்கே அடிக்கிறதா? ஒப்பந்தச் சட்டம் வந்த அதே 1872-ல் வந்த சாட்சியச் சட்டத்திலும் ஒரு உதாரணம் சேர்த்தார்கள். ஒருவர் காட்டக்கூடிய சாட்சியத்தைக் காட்டாமல் வைத்திருந்தால், அது அவருக்குப் பாதகமானது என்று கோர்ட் ஊகிக்கலாம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

சரி, உங்கள் பட்டுப்புடவைக்கு வருவோம். முதலில் எழுத்தில் கேளுங்கள். என்ன பொருள், எந்தத் தேதி கொடுத்தது, ரசீது எண், எத்தனை நாளுக்குள் வேண்டும். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நின்று கத்துவது ரத்த அழுத்தத்துக்குத்தான் கேடு, கேஸுக்கு உதவாது. ஒப்படைத்த பொருளைத் திரும்பப் பெற சிவில் வழக்குப் போடுவதற்கு மூன்று வருஷக் கெடு. அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிப்பதே, நீங்கள் கேட்டு அவர் மறுத்த நாளிலிருந்துதான்.

பொருளேதான் வேண்டும், காசு வேண்டாம் என்றால் 1963-ம் வருஷத்து குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் எட்டாவது பிரிவு இருக்கிறது. காசு ஈடாகாத பொருள் என்றால், அதையே திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம். அம்மாவின் தாலிச்சரடு, தாத்தாவின் ஒரே போட்டோ போன்றவை. இடைக்கால டெட்டின்யூவின் ஆவி இங்கே உலவுகிறது. ஆனால், சிவில் கோர்ட் என்றால் பொறுமை வேண்டும்.

ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு நுகர்வோர் ஆணையம்தான் சரி. 1986 சட்டம் போய், 2019 சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் கடை இருக்கும் ஊரிலோ, விவகாரம் நடந்த ஊரிலோதான் வழக்கு. இப்போது நீங்கள் வசிக்கும் ஊரிலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கெடு இரண்டு வருஷம். அதற்கும் முன்னால், 1915 என்ற எண்ணுக்கு போன் செய்து புகார் பதிந்தாலே சில கடைகளில் புடவை திடீரென்று 'கிடைத்துவிடும்'.

போலீஸ்? 'நம்பிக்கை மோசடி' குற்றம்தான். 1860-லிருந்து இருக்கிறது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-வது பிரிவு, ஐந்து வருஷம் வரை சிறை. ஆனால், அதற்கு நேர்மையற்ற எண்ணம் வேண்டும். தொலைத்தவன் வேறு, அமுக்கியவன் வேறு. நகையை அடகு வைத்துவிட்டார், வண்டியை விற்றுவிட்டார் என்றால் தாராளமாக ஸ்டேஷனுக்குப் போங்கள். வேலையாள் சட்டையை மாற்றிக் கொடுத்ததற்கெல்லாம் போனால், 'சிவில் மேட்டர் சார்' என்ற பழகிய பதில்தான் கிடைக்கும். அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பேங்க் லாக்கர் மட்டும் தனிக் கேஸ். 1994-ல் கல்கத்தாவில் ஒரு பேங்க், வாடகை பாக்கி என்று சொல்லி ஒருவருடைய லாக்கரை உடைத்தது. அவர் வாடகையைக் கட்டியிருந்தார். உள்ளே ஏழு நகைகள் இருந்தன என்றார் அவர். திரும்ப வந்தது இரண்டு. 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் பேங்க்கைக் கடுமையாகக் கண்டித்து 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. உள்ளே என்ன இருக்கிறது என்று பேங்க்குக்குத் தெரியாது என்பதால் லாக்கரைக் கவனிக்கும் பொறுப்பே இல்லை என்று கைகழுவ முடியாது என்றும் சொன்னது. அதைத் தொடர்ந்து ரிசர்வ் பேங்க் விதி போட்டது. 2022 ஜனவரியிலிருந்து, தீ, திருட்டு, ஊழியர் மோசடி என்றால் பேங்க்கின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு. வருஷ வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். உள்ளே ஐம்பது பவுன் இருந்தாலும் கணக்கு அதுதான்.

அந்தக் கல்கத்தாக்காரரின் மீதி ஐந்து நகை? அவை உண்மையில் உள்ளே இருந்தனவா, என்ன மதிப்பு என்பதைச் சிவில் கோர்ட்டில் போய் சாட்சி வைத்து நிரூபித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அப்போது லாக்கரை உடைத்து 26 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.